புதிய மருத்துவமனைக் கட்டடத்தின் பிஐஎம் மாதிரியும் உணரிகளும்: பராமரிப்புப் பிரிவு எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி: கொங்குப் பொறியாளர்

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் பராமரிப்புப் பிரிவுக்குப் பொறுப்பாக இருக்கிறேன். எங்கள் வளாகத்தில் ஏழு மாடிப் புதிய கட்டடம் ஒன்று அண்மையில் பயன்பாட்டுக்கு வந்துள்ளது. கட்டுமான நிறுவனம் கட்டடத்தை ஒப்படைத்தபோது வழக்கமான வரைபடக் கட்டுகளோடு முப்பரிமாண பிஐஎம் மாதிரியையும் (கட்டடத்தின் பாகங்களையும் அவற்றின் விவரங்களையும் கொண்ட கணினி மாதிரி) ஒரு ஹார்ட் டிஸ்க்கில் கொடுத்தது. குளிரூட்டல், காற்றோட்டம், பம்புகள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் (கட்டட மேலாண்மை) அமைப்பு தனியாக இயங்குகிறது. பழுதுப் புகார்களையும் கால முறைப் பராமரிப்பையும் பதிவு செய்ய இன்னொரு மென்பொருள் உள்ளது. இந்த மூன்றுக்கும் இடையே எந்தத் தொடர்பும் இல்லை.

அண்மையில் ஒரு விற்பனை நிறுவனம் எங்கள் நிர்வாகத்தினரைச் சந்தித்து, 'டிஜிட்டல் ட்வின்' என்ற பெயரில் ஒரு செயல்விளக்கம் காட்டிச் சென்றது. கட்டடம் முழுவதும் சில நூறு உணரிகளைப் பொருத்தி, அவற்றின் அளவீடுகளை முப்பரிமாண மாதிரியின் மேல் வண்ணங்களாகக் காட்டும் திட்டம் அது. நிர்வாகத்துக்கு அது பிடித்துப்போய், என்னிடம் கருத்து கேட்டிருக்கிறார்கள். பார்ப்பதற்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதைக் கொண்டு என் பணியாளர்கள் எந்த வேலையை வேறு விதமாகச் செய்வார்கள் என்பது எனக்குப் புலப்படவில்லை.

அதன் பிறகு, எங்களிடம் உள்ள மாதிரியை இலவசமாகக் கிடைக்கும் ஒரு பார்வை மென்பொருளில் திறந்து பார்த்தேன். நான்காம் தளத்து அறுவை அரங்குகளுக்குக் காற்றைக் குளிர்வித்து வழங்கும் ஏஎச்யு இயந்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மாதிரியில் அதன் பெயர் உற்பத்தியாளரின் பொது வகைப் பெயராகவே இருக்கிறது. பிஎம்எஸ் திரையில் அது 'ஏஎச்யு 4-02'. பராமரிப்பு மென்பொருளில் அதற்கு ஒரு சொத்து எண் உண்டு. இயந்திரத்தின் மேல் ஒட்டியிருக்கும் பலகையிலோ இந்த மூன்றும் அல்லாத ஒரு எண் இருக்கிறது. கழிவறைக் குழாயின் வளைவுகூட மாதிரியில் மிகத் துல்லியமாக வரையப்பட்டிருக்கிறது. ஆனால் அந்தத் தளத்தின் தண்ணீரை நிறுத்தும் வால்வுக்கு எண்ணே இல்லை.

அனுபவமுள்ளவர்களிடம் நான் கேட்க விரும்புவது இதுதான். இந்த மாதிரியை நாள்தோறும் நடக்கும் பராமரிப்பில் பயன்படுத்த முடியுமா? முடியுமானால் முதலில் எதைச் செய்ய வேண்டும்? உணரிகளுக்குச் செலவிடுவதானால் மருத்துவமனைக்கு உண்மையில் பயன் தருபவை எவை? இதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் புதுப்பித்து வைத்திருப்பது யார்?

பதில் 1: சொத்துப் பதிவாளர்

வணக்கம் ஐயா. கட்டடச் சொத்துத் தரவுகளை ஒழுங்குபடுத்தும் பணியில் சென்னையில் இருக்கிறேன். ஒரே இயந்திரத்துக்கு நான்கு பெயர்கள் இருப்பதாக எழுதியிருக்கிறீர்களே, உங்கள் சிக்கலின் வேர் அங்கேதான் இருக்கிறது. அதைத் தீர்க்காமல் எத்தனை உணரிகளைப் பொருத்தினாலும் நான்கு பெயர்கள் ஐந்தாகும், அவ்வளவுதான்.

உங்களுக்குக் கிடைத்த மாதிரி கட்டுவதற்காகச் செய்யப்பட்டது. காற்றுக் குழாயும் உத்தரமும் மோதுகின்றனவா, எத்தனை மீட்டர் குழாய் வாங்க வேண்டும் என்பவையே அதை வரைந்தவர்களின் கேள்விகள். உங்கள் கேள்விகள் வேறு: இந்த இயந்திரத்தின் உத்தரவாதம் எப்போது முடிகிறது, இதன் வடிகட்டி எந்த அளவு, இது நின்றுபோனால் எந்த அறைகள் பாதிக்கப்படும்? கட்டடத் தகவல் மேலாண்மைக்கான ஐஎஸ்ஓ 19650 என்ற பன்னாட்டுத் தர வரிசை இந்த வேறுபாட்டை வெளிப்படையாகவே அங்கீகரிக்கிறது. கட்டுமானக் காலத்துத் தகவல் மாதிரி ஒன்று, சொத்தை இயக்கும் காலத்துத் தகவல் மாதிரி மற்றொன்று என்று அது பிரித்துப் பேசுகிறது. 2018-இல் முதல் இரண்டு பகுதிகள் வெளிவந்தன. இயக்கக் காலத்துக்கான மூன்றாம் பகுதி 2020-இல் வந்தது. முதல் மாதிரியிலிருந்து இரண்டாவது தானாகப் பிறந்துவிடாது. என்ன தகவல் வேண்டும் என்று உரிமையாளர் முன்கூட்டியே எழுதிக் கொடுத்திருந்தால்தான் பிறக்கும்.

இது நம் ஊரில் மட்டும் உள்ள குறை அல்ல. அமெரிக்க அரசின் தர நிர்ணய, தொழில்நுட்ப அமைப்பான நிஸ்ட் நிறுவனம் 2004-இல் வெளியிட்ட ஆய்வொன்று, கட்டடத் தகவல்கள் ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்கு ஒழுங்காகப் போய்ச் சேராததால் அந்நாட்டின் பெருங்கட்டடத் துறைக்கு ஆண்டுக்கு 1,580 கோடி டாலர் இழப்பு என்று மதிப்பிட்டது. அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கட்டடத்தின் உரிமையாளர்கள், இயக்குபவர்கள் ஆகியோரின் தலையில்தான் விழுந்தது. தகவலை உருவாக்குபவர் ஒருவர், அது இல்லாமல் தவிப்பவர் இன்னொருவர் என்ற நிலை இருக்கும் வரை இப்படித்தான் நடக்கும். இதைச் சரிசெய்யும் முயற்சியாகவே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையில் 2007-இல் கோபீ என்ற ஒப்படைப்பு முறை உருவானது. தளம், அறை, உபகரண வகை, தனித்தனி உபகரணம், அமைப்பு என்று அட்டவணைகளாகத் தகவலைக் கேட்டு வாங்கும் முறை அது. அதில் படமே கிடையாது என்பதைக் கவனியுங்கள்.

நீங்கள் முதலில் செய்ய வேண்டியது ஒரு இணைப்பு அட்டவணை. ஒரு வரிசைக்கு ஒரு உபகரணம். உங்கள் சொத்து எண், இயந்திரத்தின் மேல் உள்ள பலகை எண், பிஎம்எஸ் பெயர், மாதிரியில் உள்ள அடையாளம், அது நிற்கும் அறை, அது சேவை செய்யும் அறைகள் ஆகியவை அதில் இடம்பெற வேண்டும். இதை அலுவலகத்தில் உட்கார்ந்து தயாரிக்க முடியாது. தளம் தளமாக நடந்து, பலகையைப் படித்து, ஒவ்வொன்றிலும் க்யூஆர் ஒட்டிக்கொண்டே வர வேண்டும். நிற்கும் அறையையும் சேவை செய்யும் அறைகளையும் தனித்தனியாகக் குறிப்பது மிக முக்கியம். இயந்திர அறையில் நிற்கும் ஏஎச்யுவுக்கு 'நான்காம் தள இயந்திர அறை' என்று மட்டும் எழுதி வைத்தால், அறுவை அரங்கிலிருந்து செவிலியர் ஒருவர் அழைக்கும்போது அந்தப் பதிவால் எந்த உதவியும் இருக்காது.

இதில் ஒரு நுட்பத்தைச் சொல்ல வேண்டும். மாதிரியை ஐஎஃப்சி கோப்பாக (வெவ்வேறு மென்பொருள்களுக்கு இடையே மாற்றிக்கொள்வதற்கான பொது வடிவம்) எடுத்தால் ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்துக் குறியீடு ஒன்று இருக்கும். அது உலகிலேயே தனித்தன்மை கொண்டது என்பதால் அதையே முதன்மை அடையாளமாக வைத்துக்கொள்ளலாம் என்று மென்பொருள் நிறுவனங்கள் சொல்வதுண்டு. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். வரைபவர் அந்தப் பொருளை அழித்துவிட்டு அதே இடத்தில் மீண்டும் வரைந்தால் குறியீடு மாறிவிடும். உங்கள் பராமரிப்பு வரலாறு முழுவதும் அறுந்துபோகும். உங்கள் சொத்து எண்ணே முதன்மையாக இருக்கட்டும். அதை மாதிரியில் ஒரு பண்பாக எழுதிச் சேருங்கள்.

அறை எண்களையும் சரிபாருங்கள். வரைபட எண் ஒன்று, கதவில் உள்ள எண் வேறு என்பது மருத்துவமனைகளில் சர்வ சாதாரணம். துறைகள் இடம் மாறும்போது கதவு எண்ணும் மாறும். மாதிரியில் பழைய எண்ணே இருக்கும்.

பதில் 2: சிங்கைக் கட்டுப்பாட்டாளர்

வணக்கம். சிங்கப்பூரில் கட்டடக் கட்டுப்பாட்டு அமைப்புகளில் வேலை செய்கிறேன். இங்கு 2015 முதல் 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட புதிய கட்டடத் திட்டங்கள் அனைத்தும் அரசு ஒப்புதலுக்கே பிஐஎம் வடிவில் சமர்ப்பிக்கப்பட வேண்டும் என்ற விதி இருந்தது. அப்படியிருந்தும் ஒப்புதலுக்காகச் செய்த மாதிரி பராமரிப்புக்கு அப்படியே உதவுவதில்லை. முன்னவர் சொன்ன காரணம்தான்.

உணரிகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். புதிதாக எதையும் வாங்குவதற்கு முன், உங்கள் பிஎம்எஸ்-இல் ஏற்கெனவே உள்ள அளவீடுகளைச் சேமிக்கிறீர்களா என்று பாருங்கள். பல இடங்களில் திரையில் எண் தெரியும். ஆனால் வரலாறு சேமிக்கப்படுவதில்லை, அல்லது சில நாள்களிலேயே மேலெழுதப்படுகிறது. பதினைந்து நிமிடத்துக்கு ஒரு முறை பதிவு செய்யும்படி அமைத்து, அதை வெளியே ஒரு தரவுத்தளத்துக்குக் கொண்டுவந்தாலே பாதிக் கேள்விகளுக்குப் பதில் கிடைத்துவிடும். கருவிகள் தமக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் நெறிமுறைகளில் பிஏக்நெட் 1995-இலிருந்தும், மாட்பஸ் 1979-இலிருந்தும் இருக்கின்றன. உங்கள் சில்லரும் (நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்) மின் அளவிகளும் இவற்றில் ஒன்றைப் பேசாமல் இருக்க வாய்ப்பு குறைவு.

ஒரு எடுத்துக்காட்டு தருகிறேன். ஏஎச்யுவின் குளிர்நீர் வால்வுக்குப் பிஎம்எஸ் 'மூடு' என்று கட்டளை கொடுத்திருக்கிறது, திரையில் 0 சதவீதம் என்று தெரிகிறது, விசிறி ஓடுகிறது. அப்போது குளிர்நீர் ஓடும் சுருளுக்குள் நுழையும் காற்றும் வெளிவரும் காற்றும் ஏறக்குறைய ஒரே வெப்பநிலையில் இருக்க வேண்டும். விசிறியின் வெப்பத்தால் வெளிவரும் காற்று சற்றுக் கூடுதலாகவே இருக்கலாம். மாறாக அது நான்கைந்து டிகிரி குறைவாக இருந்தால் வால்வு பாஸ் ஆகிறது, அதாவது முழுதாக மூடாமல் நீரைக் கசியவிடுகிறது என்று பொருள். அறுவை அரங்குகளில் ஈரப்பதத்தைக் குறைக்கக் காற்றை நன்றாகக் குளிர்வித்துப் பிறகு ஹீட்டரால் சூடாக்குவது வழக்கம் என்பதால், இப்படிக் கசியும் வால்வு அங்கே கண்ணுக்கே தெரியாது. அறை வெப்பநிலை சரியாகவே இருக்கும். சில்லரும் ஹீட்டரும் ஒன்றையொன்று எதிர்த்து மின்சாரத்தைத் தின்றுகொண்டிருக்கும். இதைக் கண்டுபிடிக்கத் தேவையான உணரிகள் உங்கள் ஏஎச்யுவில் பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும். அவற்றின் அளவீடுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் விதிதான் இல்லை.

விசிறி வேகமும் அப்படியே. விசிறியின் மின்தேவை வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தைச் சார்ந்தது. 80 சதவீத வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ 51 சதவீத மின்சாரமே போதும். வேகக் கட்டுப்பாட்டுக் கருவி பொருத்தியும் ஆண்டு முழுவதும் 100 சதவீதத்தில் ஓடும் விசிறிகளை உங்கள் பதிவில் தேடிப் பாருங்கள். யாரோ ஒருவர் ஏதோ ஓர் இரவில் கைமுறை நிலைக்கு மாற்றியவை அப்படியே விடப்பட்டிருக்கும்.

மருத்துவமனைக்குப் புதிதாக வாங்கத் தகுந்தவை என்று நான் நினைப்பவை சில. முதலாவது அறுவை அரங்குகள், தனிமைப்படுத்தும் அறைகள் ஆகியவற்றின் அழுத்த வேறுபாட்டு உணரிகள். அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் சங்கமான ஆஷ்ரேயின் 170 தரத்தின்படி அறுவை அரங்கில் மணிக்கு 20 முறை காற்று மாற வேண்டும். அதில் குறைந்தது 4 வெளிக்காற்று. பக்கத்து இடங்களைவிட குறைந்தது 2.5 பாஸ்கல் கூடுதல் அழுத்தம் இருக்க வேண்டும். 2.5 பாஸ்கல் என்பது மிகச் சிறிய அளவு. அகன்ற அளவு வரம்பு கொண்ட மலிவான உணரியை வைத்தால் அதன் பிழையே அதைவிடப் பெரிதாக இருக்கும். உணரியின் ரப்பர்க் குழாய் எங்கேனும் மடங்கியிருந்தாலும் அளவீடு பொய்யாகும். கதவு திறக்கும்போதெல்லாம் அழுத்தம் விழும் என்பதால், கதவு உணரியோடு சேர்த்து, கதவு மூடிய பின்னும் சில நிமிடங்கள் அழுத்தம் மீளவில்லை என்றால் மட்டும் எச்சரிக்கை வருமாறு அமைக்க வேண்டும். இல்லாவிட்டால் நாள் முழுவதும் ஒலிக்கும் எச்சரிக்கையைப் பணியாளர்கள் ஒரு வாரத்தில் அணைத்துவிடுவார்கள். அது அவர்கள் குற்றமும் அல்ல.

இரண்டாவது, தடுப்பூசி, ரத்தம், மருந்துக் குளிர்பெட்டிகளின் வெப்பநிலை. தடுப்பூசிக்கு 2 முதல் 8 டிகிரி. இவை கட்டடம் முழுவதும் சிதறி இருப்பதால் கம்பி இழுப்பது கடினம்; இந்தியாவில் 865–867 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கும் லோராவான் உணரிகள் (குறைந்த மின்சாரத்தில் தொலைதூரம் தகவல் அனுப்பும் கம்பியில்லா வகை) இதற்குப் பொருந்தும். ஆனால் உணரியின் ஆண்டெனா குளிர்பெட்டியின் உலோக உடலுக்கு வெளியே இருக்க வேண்டும்; அளக்கும் முனை மட்டும் உள்ளே போகட்டும்.

கரியமில வாயு உணரிகளை வாங்குவதானால் ஒரு எச்சரிக்கை. மலிவான பல உணரிகள், சில நாள்களில் தாம் கண்ட மிகக் குறைந்த அளவே வெளிக்காற்றின் அளவு என்று கருதித் தம்மைத் தாமே திருத்திக்கொள்ளும். இரவில் காலியாகும் அலுவலகத்தில் இந்த அனுமானம் சரி. இருபத்துநான்கு மணி நேரமும் ஆட்கள் இருக்கும் வார்டில் அறை ஒருபோதும் வெளிக்காற்றின் அளவுக்கு இறங்காது. உணரி மெல்ல மெல்லக் குறைத்துக் காட்டத் தொடங்கும். காற்று நன்றாக இருப்பதாகத் திரை சொல்லும். உள்ளே நோயாளிகள் மூச்சு முட்டிக் கிடப்பார்கள். அந்தத் தானியங்கித் திருத்தத்தை நிறுத்தக்கூடிய உணரியை வாங்கி, கால முறைப்படி நீங்களே அளவுதிருத்தம் செய்யுங்கள். உணரியும் ஒரு சொத்துதான். அதற்கும் சொத்து எண், அளவுதிருத்த நாள், பேட்டரி மாற்ற வேண்டிய நாள் எல்லாம் உங்கள் அட்டவணையில் இருக்க வேண்டும்.

பதில் 3: இரவுப்பணி மேலாளர்

எனக்கு இதில் மாற்றுக் கருத்து உண்டு. சென்னையில் பெரிய அலுவலக வளாகம் ஒன்றின் பராமரிப்பை நடத்துகிறேன். எங்களிடமும் மாதிரி இருந்தது. அதைத் திறக்கக்கூடிய கணினி ஒன்றே ஒன்று; திறக்கத் தெரிந்தவரும் ஒருவரே. அவர் வேலையை விட்டுப் போனதும் மாதிரியும் நின்றுபோனது. இரவு இரண்டு மணிக்குக் குழாய் வெடித்துத் தண்ணீர் கொட்டும்போது, பணியில் இருக்கும் பிளம்பர் முப்பரிமாண மாதிரியைச் சுழற்றிப் பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். அவருக்கு வேண்டியது எந்த வால்வு, அது எங்கே, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுதான்.

நாங்கள் செய்தது இது. ஒவ்வொரு முக்கிய வால்வுக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை மாட்டினோம். தூரத்திலிருந்து ஒன்று, அருகிலிருந்து ஒன்று என்று படம் எடுத்தோம். எந்த ஃபால்ஸ் சீலிங் பலகையைத் திறக்க வேண்டும் என்று அந்தப் பலகையிலேயே சிறு வண்ணப் பொட்டு ஒட்டினோம். வால்வை மூடினால் எங்கெல்லாம் தண்ணீர் நிற்கும் என்று தமிழில் ஒரு வரி எழுதினோம். எல்லாம் பணியாளர்களின் கைபேசியில் இருக்கின்றன. சொத்துப் பதிவாளர் சொல்லும் அட்டவணையை முழு மனத்தோடு ஆதரிக்கிறேன். அந்த அட்டவணைக்குப் பிறகும் மாதிரி எதற்கு என்பதே என் கேள்வி. மருத்துவமனையின் பணத்தை வால்வுகளுக்கும் ஆட்களின் பயிற்சிக்கும் செலவிடுங்கள் என்பேன்.

பதில் 4: வரைவுக்கூடம்

இரவுப்பணி மேலாளர் ஐயாவின் கருத்தில் பெரும்பகுதியை ஏற்கிறேன். நான் கட்டடக்கலைஞர்; பிஐஎம் ஒருங்கிணைப்பு என் வேலை. பிளம்பரின் கையில் மாதிரியைத் திணிக்கக் கூடாது. ஆனால் "இந்த வால்வை மூடினால் எங்கெல்லாம் நிற்கும்" என்று நீங்கள் எழுதிய அந்த ஒரு வரி எங்கிருந்து வருகிறது? அலுவலக வளாகத்தில் மூடிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். மருத்துவமனையில் ஆக்சிஜன் குழாயின் வால்வை மூடிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. எந்த வால்வின் கீழ் எந்தப் படுக்கைகள் என்பது வேலை தொடங்கும் முன்பே ஐயத்துக்கு இடமின்றித் தெரிந்திருக்க வேண்டும்.

மாதிரியின் உண்மையான பயன் அந்தத் தொடர்பில்தான் இருக்கிறது. குழாய், வால்வு, பிரிவு, முனை என்று ஒன்றோடொன்று இணைத்து வரையப்பட்டிருந்தால், ஒரு வால்வைத் தொட்டு அதன் கீழ் உள்ள அனைத்தையும் பட்டியலாக எடுக்க முடியும். ஆனால் பார்வைக்கு ஒட்டியிருப்பதுபோல் தெரியும் இரு குழாய்கள் மாதிரியின் தரவில் இணைந்திருக்க வேண்டும் என்பதில்லை. அவசரத்தில் வரைந்தவர்கள் இணைப்பைச் செய்யாமல் விட்டிருப்பார்கள். கொங்குப் பொறியாளர் ஐயா, உங்கள் மாதிரியில் மருத்துவ வாயு அமைப்பை மட்டும் தனியே எடுத்து, முதன்மைக் குழாயிலிருந்து ஒவ்வொரு படுக்கை முனை வரை தொடர்பு அறுபடாமல் போகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். போகிறது என்றால் அந்த மாதிரி பொன். இல்லையென்றால் அந்த ஓர் அமைப்பை மட்டுமாவது களத்தில் சரிபார்த்துச் செப்பனிடச் செலவு செய்யலாம். அதன் பிறகும்கூட, மாதிரி தரும் பட்டியலை வாயு அமைப்பின் பொறுப்பாளர் களத்தில் உறுதிசெய்த பின்னரே வால்வைத் தொட வேண்டும்.

சிட்னி ஓபரா ஹவுஸை இங்கே நினைவுகூரலாம். 1973-இல் திறக்கப்பட்ட அந்தக் கட்டடத்தின் வளைந்த கூரைகளுக்குக் கீழே எந்த இரண்டு அறைகளும் எளிதில் ஒத்துப்போகாது; அதன் வரைபடங்களும் பல பதிப்புகளாகச் சிதறிக் கிடந்தன. பராமரிப்புக்கு பிஐஎம் உதவுமா என்று அதை முன்வைத்து ஆஸ்திரேலியாவில் நடத்திய ஆய்வு 2007-இல் வெளிவந்தது. பெயர்கள், இடங்கள், உபகரணங்கள் எல்லாம் ஒரே சட்டகத்துக்குள் வர வேண்டும் என்பதே அங்கும் மையமாக இருந்தது. வடிவம் சிக்கலாக உள்ள இடத்தில், பலவகைக் குழாய்கள் ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே நெருக்கியடித்துக்கொண்டு போகும் இடத்தில், மாதிரி தன் விலைக்குத் தகுந்த பயனைத் தரும். நேரான தாழ்வாரமும் ஒரே மாதிரியான அறைகளும் உள்ள தளத்துக்கு உங்கள் படங்களும் பித்தளை வில்லைகளுமே போதும்.

மாதிரி பழசாகிவிடும் என்ற கவலை நியாயமானது. அதற்கு ஒரே வழி, வேலை அனுமதிச் சீட்டோடு அதைக் கட்டிப்போடுவது. ஒரு சுவரை இடித்தாலும், ஒரு ஏசியை மாற்றினாலும், மாற்றத்தைச் சிவப்பு மையில் குறித்த தாளோ படமோ வந்து சேராமல் அந்த வேலை முடிந்ததாகக் கையெழுத்திடக் கூடாது. மாதிரியில் அதை உடனே வரைய வேண்டியதில்லை. குறிப்புகள் சேரட்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வெளியாள் ஒருவரைக் கொண்டு மொத்தமாகப் புதுப்பிக்கலாம். அட்டவணையை மட்டும் அன்றே திருத்த வேண்டும்.

பதில் 5: வலைக்காவல்

ஒரு விஷயம் இதுவரை பேசப்படவில்லை. உணரிகளையும் பிஎம்எஸ்-ஐயும் மருத்துவமனையின் பொது வலையமைப்பில் சேர்க்காதீர்கள். அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 2013-இல் சுமார் 4 கோடி அட்டைகளின் விவரங்கள் திருடப்பட்டபோது, திருடர்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தியது குளிரூட்டல் பணி செய்யும் ஒப்பந்ததாரர் ஒருவரின் கணக்குதான். பழைய பிஏக்நெட் கருவிகள் யார் கட்டளையிட்டாலும் கேட்கும். பாதுகாப்பான இணைப்பு முறை பின்னாளில்தான் தரத்தில் சேர்ந்தது. விற்பனை நிறுவனம் வெளியிலிருந்து நுழைய வழி கேட்டால், தேவைப்படும் நேரத்துக்கு மட்டும், பெயர் குறித்த ஒருவருக்கு மட்டும் திறந்துவிடுங்கள்.

மாதிரியும் கவனத்துக்குரியது. ஆக்சிஜன் தொட்டி, ஜெனரேட்டர், முதன்மை மின் அறை ஆகியவை எங்கே, அவற்றுக்கு வழி எது என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அதை யார் எந்த அளவுக்குப் பார்க்கலாம் என்று எழுத்தில் வையுங்கள். ஐஎஸ்ஓ 19650-இன் ஐந்தாம் பகுதி இதற்கென்றே உள்ளது. ஆள்நடமாட்டத்தை அறிய வார்டுகளில் கேமராவைப் பயன்படுத்தலாம் என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அகச்சிவப்பு உணரியே அந்த வேலையைச் செய்யும். நோயாளியின் முகம் பராமரிப்புப் பிரிவுக்குத் தேவையில்லை. 2023-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தையும் உங்கள் சட்ட ஆலோசகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கொங்குப் பொறியாளர்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. விற்பனை நிறுவனத்தின் திட்டத்தை இப்போதைக்கு ஏற்க வேண்டாம் என்று நிர்வாகத்திடம் சொல்லப் போகிறேன். அதற்குப் பதிலாக, அடித்தள இயந்திர அறை, நான்காம் தள அறுவை அரங்குகள், தீவிர சிகிச்சைப் பிரிவு ஆகிய மூன்று இடங்களுக்கு மட்டும் இணைப்பு அட்டவணை. மருத்துவ வாயு அமைப்பின் தொடர்புச் சோதனை. பிஎம்எஸ் அளவீடுகளின் வரலாற்றைச் சேமித்தல். அழுத்த உணரிகளும் குளிர்பெட்டி உணரிகளும் என்று ஒரு சிறு திட்டத்தை முன்வைக்கிறேன். பித்தளை வில்லைகளை எல்லாத் தளங்களுக்கும் மாட்டிவிடுகிறேன்.

இன்னும் ஒரு கேள்வி. எங்கள் வளாகத்தில் புற்றுநோய்ச் சிகிச்சைக்கான அடுத்த கட்டடம் இப்போது வடிவமைப்பு நிலையில் உள்ளது. இதே நிலை அங்கும் வராமல் இருக்க ஒப்பந்தத்தில் என்ன எழுத வேண்டும்?

பதில் 6: சொத்துப் பதிவாளர்

மிக நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள் ஐயா. "பிஐஎம் மாதிரி ஒப்படைக்கப்பட வேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் மீண்டும் ஒரு ஹார்ட் டிஸ்க்தான் வரும். எந்தெந்த வகை உபகரணங்களுக்கு எந்தெந்தத் தகவல் வேண்டும் என்று பட்டியல் கொடுங்கள். பட்டியல் சிறியதாக இருக்கட்டும். நீங்கள் புதுப்பித்து வைத்திருக்க முடியாத தகவலைக் கேட்காதீர்கள். நாற்காலிகளின் பட்டியல் உங்களுக்கு வேண்டாம். சொத்து எண்களின் அமைப்பை நீங்களே வகுத்துக் கொடுத்து, மாதிரியிலும் வரைபடத்திலும் பிஎம்எஸ்-இலும் பலகையிலும் அதே எண் வர வேண்டும் என்று எழுதுங்கள். பிஎம்எஸ் ஒப்பந்ததாரர் நிரல் எழுதத் தொடங்கும் முன்பே புள்ளிப் பெயர்ப் பட்டியலை (ஒவ்வோர் அளவீட்டுக்கும் கட்டளைக்கும் பிஎம்எஸ்-இல் இடும் பெயர்கள்) உங்கள் ஒப்புதலுக்கு அனுப்ப வேண்டும். நிரல் எழுதிய பிறகு பெயரை மாற்றச் சொன்னால் அதற்குத் தனி விலை கேட்பார்கள்.

மாதிரியின் மூலக் கோப்பு, ஐஎஃப்சி கோப்பு இரண்டும் வேண்டும். அவற்றைத் திருத்தவும் பிறரிடம் கொடுக்கவும் உங்களுக்கு உரிமை உண்டு என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். உணரி அளவீடுகளின் உரிமையும் அப்படியே. எந்த நிறுவனத்தின் மேகக் கணினியில் அவை இருந்தாலும், ஒப்பந்தம் முடியும்போது முழு வரலாற்றையும் எளிய வடிவில் தந்துவிட்டுத்தான் போக வேண்டும்.

ஏற்புச் சோதனையைக் களத்தில் வையுங்கள். உங்கள் பணியாளர் ஒருவர் தமக்குத் தோன்றிய சில உபகரணங்களின் முன் போய் நிற்கட்டும். பலகையில் உள்ள எண்ணைக் கொண்டு மாதிரியில் அதே பொருளையும், பிஎம்எஸ்-இல் அதன் அளவீட்டையும், உத்தரவாதச் சான்றையும் கண்டுபிடிக்க முடிய வேண்டும். முடியாத வரை கடைசித் தவணையின் ஒரு பகுதியை நிறுத்தி வைக்கும் உரிமை ஒப்பந்தத்தில் இருக்கட்டும். கட்டுமானம் முடியும் நாளுக்குக் காத்திராமல், முதல் தளம் முடிந்ததுமே இந்தச் சோதனையை ஒரு முறை செய்து பாருங்கள்; பிழைகள் எல்லாத் தளங்களுக்கும் பரவும் முன் பிடிபடும்.

இன்னொன்றையும் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு இயந்திரத்தையும் முதன்முதலில் இயக்கிச் சரிபார்த்தபோது பதிவான அளவுகள்: விசிறியின் மின்னோட்டம், வடிகட்டி புதிதாக இருந்தபோது அதன் இருபுற அழுத்த வேறுபாடு, பம்பின் ஓட்டம், குளிர்நீர் போகும் வெப்பநிலையும் திரும்பும் வெப்பநிலையும். இவை பெரும்பாலும் தாளில் எழுதப்பட்டுக் கோப்பில் புதைந்துவிடும். உங்கள் அட்டவணையில் அந்தந்தச் சொத்து எண்ணுக்கு எதிரே இவை எண்களாகவே பதியப்பட வேண்டும் என்று எழுதுங்கள். ஐந்து ஆண்டுகள் கழித்து உணரி காட்டும் எண் நல்லதா கெட்டதா என்று முடிவுசெய்ய வேறு எந்த அளவுகோலும் உங்களிடம் இருக்காது. அந்த அளவுகளை எடுப்பதற்கான நாள்கள் கட்டுமானக் கால அட்டவணையிலேயே தனியாக ஒதுக்கப்பட்டிருக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். திறப்பு விழாத் தேதி நெருங்கும்போது முதலில் வெட்டப்படுபவை அந்த நாள்கள்தான்.